எட்டு வரி அட்டவணை

டை காஸ்டிங் மெஷினுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு கிளிப் போர்டு தொங்கும். அதில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மங்கிப்போன ஒரு தாள். தாளில் எட்டு வரி, ஏழு பத்தி. கட்டங்களில் ஒன்றும் இரண்டும் தவிர வேறு எண் கிடையாது.

1 1 1 1 1 1 1
1 1 1 2 2 2 2
1 2 2 1 1 2 2
1 2 2 2 2 1 1
2 1 2 1 2 1 2
2 1 2 2 1 2 1
2 2 1 1 2 2 1
2 2 1 2 1 1 2

ஓசூர் சிப்காட்டில் தரப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் பலரும் இந்தத் தாளை ஒருமுறையாவது கையில் பிடித்திருப்பார்கள். எல்-8 என்பார்கள், டகுச்சி டேபிள் என்பார்கள். ஜப்பான்காரர்கள் கொடுத்த வித்தை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. நானும் பல வருஷம் அப்படியேதான் நம்பிக்கொண்டிருந்தேன். இது பிறந்த ஊர் கல்கத்தா என்பதும், பெற்றெடுத்தவர்களில் முதன்மையானவர் அன்றைய மதராஸ் மாகாணத்துப் பையன் ஒருவர் என்பதும் தெரியவந்த நாளில், அந்த அழுக்குத் தாளை எடுத்து மறுபடி ஒருமுறை முழுதாகப் படித்தேன்.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு சின்ன யூனிட். இருசக்கர வண்டிக்கு அலுமினிய பாகம் வார்த்துக் கொடுக்கும் இடம். வார்ப்பை மெஷின் செய்யும்போது உள்ளே பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரியும். ப்ளோ ஹோல். பார்ட்டி திருப்பி அனுப்புவார்கள். உருகிய உலோகத்தின் சூடு, டை என்கிற வார்ப்பச்சின் சூடு, பிளஞ்சர் தள்ளும் வேகம், அழுத்தம், ஸ்பிரே அடிக்கும் நேரம், டை மூடி நிற்கும் நேரம், உலோகத்திலிருந்து வாயு நீக்கும் நேரம் என்று ஏழு காரணங்களில் எது வேண்டுமானாலும் குற்றவாளியாக இருக்கலாம். ஆபரேட்டர் சொல்வார்: "ரெண்டு மாசமா ஒண்ணொண்ணா மாத்திப் பாத்துட்டோம் சார். இன்னிக்குச் சரியா வருது, நாளைக்கு மறுபடி வருது."

ஒவ்வொன்றையும் கூட்டி ஒரு தடவை, குறைத்து ஒரு தடவை என்று எல்லாச் சேர்க்கைகளையும் பார்ப்பதென்றால் 128 சோதனை. எந்த முதலாளி அதற்கு மெஷினை விடுவார்? இந்தத் தாள் சொல்கிறது, எட்டு போதும் என்று. ஒரு வரி ஒரு சோதனை. ஒரு பத்தி ஒரு காரணம். ஒன்று என்றால் குறைந்த அளவு, இரண்டு என்றால் கூடிய அளவு.

எட்டு எப்படிப் போதும்? ஏதாவது இரண்டு பத்தியை எடுத்து விரல் வைத்துப் பாருங்கள். இரண்டாவதும் ஐந்தாவதும் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாக ஜோடிகள்: 11, 12, 21, 22, 12, 11, 22, 21. நான்கு விதமான ஜோடி, ஒவ்வொன்றும் சரியாக இரண்டு தடவை. வேறு எந்த இரண்டு பத்தியை எடுத்தாலும் இதே கணக்குதான். இதனால் என்ன லாபம்? டை சூடு குறைவாக இருந்த நான்கு வார்ப்புகளின் சராசரியையும், கூடுதலாக இருந்த நான்கின் சராசரியையும் ஒப்பிடும்போது, இரு பக்கத்திலும் அழுத்தம் பாதி குறைவு பாதி கூடுதல், ஸ்பிரே பாதி குறைவு பாதி கூடுதல். மற்ற ஆறும் இரண்டு தட்டிலும் சம எடையாக உட்கார்ந்து தங்களையே கழித்துக்கொள்கின்றன. மிச்சமாக நிற்பது டை சூடு செய்த வேலை மட்டும். அதே எட்டு வார்ப்பை வேறு விதமாகப் பிரித்தால் அழுத்தத்துக்கும் பதில் கிடைக்கும். ஒவ்வொரு வார்ப்பும் ஏழு வழக்குக்கும் சாட்சி சொல்கிறது.

இந்த எண்ணத்தின் வேர் தொழிற்சாலையில் இல்லை, வயலில் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளு ரகங்கள் வெளியிட்ட இடம், அது போன்ற நிலையங்களில் நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ரகங்களை மாற்றி மாற்றி விதைத்திருப்பார்கள். ஒரு மூலையில் மண் சத்தாக இருக்கும், இன்னொரு மூலை சரளை. அந்த வேறுபாடு ரகத்தின் தலையில் விழாமலிருக்க, ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒரு தடவை வரும்படி அமைப்பதற்கு இலத்தீன் சதுரம் என்று பெயர். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் இதையெல்லாம் ஒரு முறையாக வளர்த்து, 1935இல் நூலாக்கினார்.

ஃபிஷரின் கையிலிருந்து அது கல்கத்தாவுக்கு வந்தது. பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் துறைக்குள் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு, 1937 இறுதியில் ஃபிஷர் வந்தார். சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது எப்படி, எத்தனை பொருத்தலாம் என்ற பேச்சு அங்கே எழுந்தது. அது கணிதர் ஆய்லர் 1782இலேயே மல்லுக்கட்டிய பழைய புதிர். நிறுவனத்தில் ஆர். சி. போஸ் என்ற கணிதர் இருந்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எஃப். டபிள்யூ. லெவி இருந்தார். நாஜிகள் யூதர் என்று வேலையைப் பறித்ததால் ஜெர்மனியை விட்டு வந்த இயற்கணிதப் பேராசிரியர். முடிவுள்ள எண் தொகுதிகளை, அதாவது சில எண்களே இருந்தும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் குறையின்றி நடக்கும் கால்வா களங்களை, அவர் அங்கே கற்பித்தார். போஸ் அதைக் கொண்டுபோய்ச் சதுரங்களில் பொருத்தி 1938இல் கட்டுரை எழுதினார். வயல் பாத்தியும் கால்வாவின் இயற்கணிதமும் முதன்முதலில் கைகோத்தது அந்த வருஷங்களில்தான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு நாடு துரத்திய ஆசிரியர், இன்னொரு நாட்டின் நெரிசலான நகரம் ஒன்றில் விதைத்தது முளைத்திருக்கிறது.

அந்தப் புள்ளியியல் நிறுவனத்துக்குள் 1941 ஜனவரி முதல் தேதி ஓர் இருபது வயதுப் பையன் நுழைந்தார். கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவ். சி. ஆர். ராவ்.

அவர் பிறந்தது 1920 செப்டம்பர் 10. ஊர் ஹூவின ஹடகலி. இன்று கர்நாடகத்தின் விஜயநகர மாவட்டம், அன்று மதராஸ் மாகாணத்தின் பெல்லாரி ஜில்லா. கன்னட மண்ணில் தெலுங்குக் குடும்பம். தெருவில் ஒரு பாஷை, வீட்டில் ஒரு பாஷை. ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலிருந்து தேன்கனிக்கோட்டை வரை தெலுங்கும் கன்னடமும் பேசாத கிராமம் குறைவு. எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஒரே வாக்கியத்துக்குள் மூன்று பாஷையும் வந்து போகும். ராவ் எங்கள் ஊர்க்காரர் இல்லைதான். ஆனால் எங்களைப் போன்ற எல்லையோரத்துப் பிறவி என்று நினைக்கும்போது மனசுக்கு நெருக்கமாகிவிடுகிறார்.

பத்துக் குழந்தைகளில் எட்டாவது. தேவகிக்கு எட்டாவதாகக் கண்ணன் பிறந்ததால் எட்டாம் பிள்ளைக்குக் கிருஷ்ணன் பெயர் வைக்கிற வழக்கப்படி ராதாகிருஷ்ணன் ஆனார். அப்பா போலீஸ் இன்ஸ்பெக்டர், மாற்றல் உத்தியோகம். கூடூர், நூஜிவீடு, நந்திகாமா என்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் மாறி, குடும்பம் கடைசியில் விசாகப்பட்டினத்தில் நிலைத்தது. அம்மா லட்சுமிகாந்தம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துப் படிக்க உட்காரவைப்பார். பிற்காலத்தில் தன் நூல் ஒன்றை அந்த விளக்கை நினைவுகூர்ந்தே அம்மாவுக்குக் காணிக்கையாக்கினார் ராவ்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் 1940இல் கணித எம்.ஏ., முதல் வகுப்பில் முதலிடம். வேலை இல்லை. ராணுவ நில அளவைப் பிரிவில் கணிதம் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நேர்காணலுக்குக் கல்கத்தா போனார். வயசு போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். தங்கியிருந்த விடுதியில் ஓர் இளைஞர், தான் புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சி பெறுவதாகச் சொல்ல, கூடவே போய்ப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி மகலனோபிஸுக்கு விண்ணப்பம் எழுதினார். இடம் கிடைத்தது. கல்கத்தா பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய புள்ளியியல் எம்.ஏ.வை 1943இல் தங்கப்பதக்கத்தோடு முடித்தார்.

அந்தக் கல்கத்தாவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் நகரத்தின்மேல் குண்டு போட்டன. 1943இல் வங்கப் பஞ்சம். சோறு கேட்டு வந்தவர்கள் நடைபாதையில் செத்து விழுந்தார்கள். அப்படிப்பட்ட நகரத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார் இந்த இளைஞர். 1944இல் ஒருநாள், பெரிய மாதிரிகளுக்குப் பொருந்தும் ஃபிஷரின் முடிவு ஒன்றைக் கரும்பலகையில் விளக்கும்போது, வி. எம். தாண்டேகர் என்ற மாணவர் எழுந்து, சிறிய மாதிரிக்கும் இது பொருந்தும் என்று காட்ட முடியாதா என்று கேட்டார். ராவ் இரவெல்லாம் உட்கார்ந்து மறுநாள் காட்டினார். 1945இல் கல்கத்தா கணிதச் சங்க இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை, க்ராமர்–ராவ் வரம்பு என்ற பெயரில் இன்று உலகமெங்கும் பாடம்.

அது அவருடைய பெரும் புகழ். என் கிளிப் போர்டுக்கு வந்தது அதற்கு அடுத்த வேலை.

போஸ் சதுரத்தில் செய்ததை ராவ் சதுரத்திலிருந்து விடுவித்தார். வயலுக்கு நீளம் அகலம் உண்டு. ஏழு காரணம் உள்ள சோதனைக்கு வரிசை நிரல் என்ற வடிவமே தேவையில்லை. வேண்டியது ஒரே ஒரு குணம்: எந்த இரண்டு பத்தியை எடுத்தாலும் எல்லா ஜோடியும் சம தடவை வர வேண்டும். இரண்டுக்குப் பதில் மூன்று பத்தி, நான்கு பத்தி என்றும் கேட்கலாம். இந்த ஒரு குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட அட்டவணைகளைக் கால்வா களங்களிலிருந்து எப்படிக் கட்டுவது, ஒன்றைக் கட்டக் குறைந்தபட்சம் எத்தனை வரி வேண்டும் என்று 1946இல் கல்கத்தா இதழிலும், 1947இல் லண்டன் ராயல் புள்ளியியல் சங்க இதழின் துணைத்தொகுதியிலும் எழுதினார். இதற்கு ஆர்த்தகனல் அர்ரே என்று பெயர் வந்தது. செங்குத்து அணி என்று தமிழில் சொல்கிறார்கள். இங்கிலாந்திலும் அதே காலத்தில் பிளாக்கெட், பர்மன் என்ற இருவர் போர்க்காலத் தேவைக்காக இதே குடும்பத்து அட்டவணைகளை 1946இல் வெளியிட்டார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் இந்தக் குடும்பத்துக்கே பொதுவான இலக்கணத்தையும் எல்லையையும் எழுதிவைத்தவர் ராவ்.

கட்டுரை லண்டனில் அச்சாகும்போது அவர் கேம்பிரிட்ஜில் இருந்தார். சூடானின் ஜெபெல் மோயாவில் தோண்டியெடுத்த பழைய எலும்புக்கூடுகளின் அளவுகளை ஆராய அங்கிருந்த மானிடவியல் அருங்காட்சியகம் அழைத்திருந்தது. அந்த வேலைக்கு நடுவே ஃபிஷரிடமே 1948இல் முனைவர் பட்டம். திரும்பி வந்து, இன்னும் முப்பது வயதாகாமலே நிறுவனத்தில் பேராசிரியர்.

இனி ஜப்பான். போரில் நொறுங்கிய நாட்டின் தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றில் கெனிச்சி டகுச்சி என்ற பொறியாளர் 1950இல் சேர்ந்தார். இனா என்ற ஓடு கம்பெனியில் 1953இல் நடந்த சோதனையை எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். சூளைக்குள் வெப்பம் ஒரே சீராக இல்லை. ஓரத்தில் அடுக்கிய ஓடு ஒரு அளவு, நடுவில் இருப்பது வேறு அளவு. புதுச் சூளைக்குப் பணம் இல்லை. செங்குத்து அணி போட்டுச் சோதித்ததில், மண் கலவையில் சுண்ணாம்பைக் கூட்டினால் போதும், சூளை எப்படியிருந்தாலும் ஓடு சீராக வரும் என்று தெரிந்தது. அடுத்த வருஷம், 1954இல், டகுச்சி வருகைப் பேராசிரியராக வந்து தங்கிய இடம் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஜப்பானிய குண்டு விழுந்த அதே நகரம்.

ஊர் திரும்பி அவர் செய்தது, ஒரு கணிதக் கட்டுரையைத் தூணில் தொங்கவிடும் தாளாக மாற்றியது. எல்-4, எல்-8, எல்-9, எல்-16 என்று பெயரிட்டுத் தயாராகக் கொடுத்தார். அந்த எல், இலத்தீன் சதுரத்தின் எல். கால்வா களம் தெரியாதவரும் பயன்படுத்தலாம். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனசு வராது. ராவ் இல்லாவிட்டால் அட்டவணைக்கு இலக்கணம் இல்லை. டகுச்சி இல்லாவிட்டால் அது எங்கள் கைக்கு வந்திருக்காது.

ஓசூருக்கு வந்தது எப்படி? 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலையும், டி.வி.எஸ். 50 மொபெட்டும். பிறகு டைட்டன் கடிகாரம். ஒவ்வொரு பெரிய ஆலையைச் சுற்றியும் நட்டு போல்ட்டு முதல் வார்ப்பு வரை செய்யும் சிறு யூனிட்டுகள் முளைத்தன. 1990களில் டி.க்யூ.எம். என்ற முழுமைத் தர மேலாண்மை அலை அடித்தது. 1998இல் சென்னைப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவும், 2002இல் டி.வி.எஸ். மோட்டாரும் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கின. ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து சொல்லிக்கொடுத்தது பெரிய ஆலையிலிருந்து சப்ளையருக்கு, சப்ளையரிடமிருந்து அவருக்கு வேலை செய்து கொடுப்பவருக்கு என்று இறங்கி வந்தது. எங்கள் தூணுக்கும் அப்படித்தான் வந்தது. வரும் வழியில் கல்கத்தா முகவரி உதிர்ந்துவிட்டது.

நேர்வழியும் ஒன்று இருந்ததே என்பதுதான் என் ஆதங்கம். புள்ளியியல் நிறுவனம் 1950களிலேயே பெங்களூரில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு திறந்தது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து நேராக நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆலையை மனசில் வைத்து அந்த நிறுவனத்துக்குப் போனவரும் உண்டு. சென்னைப் பையன் ஒருவர், அந்த ஊர் பிரசிடென்சி கல்லூரியில் 1959இல் படிப்பை முடித்து, தொழிற்சாலைப் புள்ளியியல்காரர் ஆகும் எண்ணத்தோடுதான் கல்கத்தா போனார். தரக் கட்டுப்பாட்டு வேலை மனசில் ஒட்டவில்லை. கூட இருந்த கே. ஆர். பார்த்தசாரதி போன்றவர்கள் கணிதத்துக்கு இழுத்துவிட்டார்கள். ராவிடம் 1963இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், 2007இல் ஏபெல் பரிசு வாங்கிய எஸ். ஆர். எஸ். வரதன். ஆலைக்கென்று கிளம்பிக் கணிதத்துக்குப் போனவர் ஒருவர். கணிதத்துக்குள் இருந்துகொண்டே ஆலைக்கு அட்டவணை அனுப்பியவர் அவருடைய ஆசிரியர்.

இந்தத் தாள் என்னை ஒருமுறை நன்றாகத் தண்டித்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஏழு பத்தி இருக்கிறதே என்று ஏழிலும் ஏழு காரணத்தை நிரப்பினேன். முதல் பத்தியில் உலோகச் சூடு, இரண்டாவதில் டை சூடு, மூன்றாவதில் ஸ்பிரே நேரம். கணக்குப் போட்டால் ஸ்பிரேதான் குற்றவாளி என்று வந்தது. ஸ்பிரேயை மாற்றினோம், ஓட்டை அப்படியே இருந்தது. முதல் இரண்டு பத்தியையும் மறுபடி பாருங்கள்: இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும் வரியிலெல்லாம் மூன்றாவது பத்தியில் 1, வேறு வேறாக இருக்கும் வரியிலெல்லாம் 2. உலோகச் சூடும் டை சூடும் சேர்ந்து செய்கிற கூட்டு வேலை மூன்றாவது பத்தியில்தான் போய் ஒளிந்துகொள்ளும். அந்த இரண்டு சூடும் ஒன்றையொன்று பாதிக்கும் என்று மெஷின் முன்னால் நிற்கும் ஆபரேட்டருக்குத் தெரியும். நான் அவரைக் கேட்கவில்லை. மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டு மறுபடி எட்டு சோதனை செய்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அட்டவணை எங்கிருந்து பிறந்தது என்று தேடிப் படிக்க என்னைத் தூண்டியது அந்தத் தோல்விதான்.

ராவ் 1972 முதல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, பின்னர் அமெரிக்கா போய் பிட்ஸ்பர்க்கிலும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். பத்ம விபூஷண் 2001இல். 1945ஆம் வருஷத்துக் கட்டுரைக்காக 2023இல் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு வந்தபோது வயது 102. அதே வருஷம் ஆகஸ்டில் காலமானார். அடுத்த நாள் டூல் ரூமில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. அன்று முதல் புதிதாகப் பிரிண்ட் எடுக்கும் ஒவ்வொரு தாளிலும் மூலையில் ஒரு வரி எழுதிவைக்கிறேன்: சி. ஆர். ராவ், கல்கத்தா, 1947.

போன முறை பயிற்சிக்கு வந்த டிப்ளமோ பிள்ளைகளில் பர்கூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. சொன்னதை நம்பாமல் பென்சிலை எடுத்து, ஏழு பத்தியில் எத்தனை ஜோடி உண்டோ அத்தனையையும் சரிபார்த்தாள். "இருபத்தொண்ணும் சரியா வருது சார்." கொஞ்ச நேரம் கழித்து, "எட்டாவதா ஒரு பத்தி போட முடியாதா சார்?" என்றாள்.

முடியாது என்று ராவ் நிரூபித்திருக்கிறார் என்றேன். எட்டு வார்ப்பிலிருந்து கிடைப்பது எட்டே எண். அதில் ஒன்று மொத்தச் சராசரிக்குப் போய்விடும். மீதி ஏழு, ஏழு காரணத்துக்கு. எட்டாவதற்குக் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. குறைவு, கூடுதல் என்று இரண்டு நிலை உள்ள ஒரு காரணம் ஓர் எண்ணைச் சாப்பிடும், மூன்று நிலை என்றால் இரண்டைச் சாப்பிடும்.

அவள் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "அப்போ ஒன்பது வரி எடுத்து, மூணு நிலை வச்சா சார்?"

"நீயே போட்டுப் பாரும்மா" என்றேன். ஷிஃப்ட் முடியும் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து நான்கு விரலைக் காட்டினாள்.